ஐம்பத்தெட்டுக் கிலோ சிவனேஸ்வரி

கிட்ட வந்து இருங்கள். கதிரையை ஹீட்டர் பக்கமாக இழுத்துப் போடுங்கள், ஜன்னலோரம் குளிர் ஏறும். கையில் இருக்கிற தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை இது. ஆறினால் இன்னொன்று ஊற்றித் தருகிறேன். ஒருத்தியின் எடையைக் கண்டு ஒரு ஆசுபத்திரியே மகிழ்ந்த கதை சொல்லப்போகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் தயங்காமல் சிரியுங்கள். அந்த நேரம் நாங்களும் சிரித்தவர்கள்தான்.

லண்டனில், நோர்பரியில், எனக்கு நாலு வீடு தள்ளி சிவனேஸ்வரி இருந்தாள். புருசன் அம்பலவாணன் பெற்றோல் நிலையத்தில் வேலை. எண்பத்தொன்பதாம் ஆண்டு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒரே மகள் தவமலரைக் கொழும்பில் மாமியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இவர்களுக்கு இங்கே இருந்ததே தற்காலிக அனுமதி. அது நிரந்தரமானால்தான் பிள்ளையைக் கூப்பிட ஏலும். வாசலில் தபால் விழுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்புவார்கள்.

நான் சாறிச் சட்டை தைக்கிறவள். என்னுடைய அளவுக் கொப்பியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் உண்டு. நெஞ்சு, இடுப்பு, கை, தோள், பக்கத்தில் திகதி. நோர்பரியிலும் தோர்ன்டன் ஹீத்திலும் யார் பூரித்தாள், யார் வாடினாள் என்று அவர்களின் புருசன்மாருக்கு முதல் எனக்குத் தெரியும். ஒரு சட்டைக்கும் நான் உள்துணி விடாமல் தைத்ததில்லை. ஆள் பருத்தால் தையலைப் பிரித்து விட்டுக் கொடுக்கலாம்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் சிவனேஸ்வரி வந்து என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இனி என்ர சட்டைக்கு இடப்பக்கம் பஞ்சு வைச்சுத் தைக்க வேணும்."

கொக்கி ஒன்று கூட வைக்கச் சொல்வது போலச் சொன்னாள். நான் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் இருந்தது, ஒரு பக்கம் இல்லை. கொப்பியில் "இடம்: பஞ்சு" என்று எழுதினேன். அம்பலவாணனுக்கும் எனக்கும் தவிர ஊரில் ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து குளிசை மருந்தில் விட்டார்கள். குளிசையோடு அவள் பருக்கத் தொடங்கினாள். லூயிஷாம் சிவன் கோவிலில் பெண்கள் அவளைப் பார்த்து, லண்டன் தண்ணி நல்லாப் பிடிச்சிருக்கு என்றார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோசம். கொழுத்த பெண்ணில் யார் நோயைத் தேடுவார்கள்? நான் மூன்று தரம் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருசம் மாசி மாதம் அவளுக்கு நாரியில், இடுப்புக்குப் பின்பக்கம், வலி தொடங்கியது. ஆசுபத்திரியில் சொன்னாள். அவர்கள் அவளைத் தராசில் ஏற்றினார்கள். எண்பத்தொரு கிலோ. வலிக்குக் காரணம் கண்டாயிற்று.

அந்த ஆசுபத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே புதிதாக ஒரு பகுதி திறந்திருந்தார்கள், "சிகிச்சைக்குப் பின்னரான உடல் எடை மேம்பாட்டுப் பிரிவு" என்று. மார்பில் அந்தப் புற்று வருத்தம் வந்து சுகப்பட்டவர்கள் பருத்தால் வருத்தம் திரும்பி வரப் பார்க்கும் என்று படித்தவர்கள் ஆராய்ந்து சொல்லியிருந்தார்களாம். அதைப் பிழை என்று சொல்ல நான் ஆளில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நல்ல விசயத்துக்கு ஒரு பிரிவும், அந்தப் பிரிவுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளரும், அவருக்கு ஒரு சுவர் அட்டவணையும் கிடைத்துவிட்டால் பிறகு அந்த விசயத்தைத் தேடிப் பிடிக்க ஏலாது.

ஒருங்கிணைப்பாளரின் பெயர் மிஸிஸ் பெல்லிங். நல்ல மனுசி. கதைக்கும்போது தலையைச் சரித்துக்கொண்டு கதைப்பார். சிவனேஸ்வரியின் இலக்கு எழுபது கிலோ என்றும், அதற்குக் கீழே வந்தால்தான் நாரிவலிக்கு ஸ்கான் படம் எடுக்க அனுப்ப ஏலும் என்றும் விளக்கினார். இது விதி. விதி போட்டவர் யார் என்று கேட்டதற்கு, விதிமுறைக் குழு என்றார். குழுவில் யார் யார் என்று கேட்டதற்குத் தலையை மற்றப் பக்கம் சரித்தார். நான்தான் கூடப் போய் அரைகுறை இங்கிலீசில் கேட்டுச் சொல்லுகிறவள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்றார்கள். செருப்பு, கம்பளிச் சட்டை, வளையல் எல்லாம் கழற்றினாள். தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்றாள். தாதி உள்ளே போய்க் கேட்டாள். உள்ளே இருந்தவர் மேலே கேட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது: நகைக்கடையில் கொடியின் எடைக்கு அத்தாட்சி வாங்கிவந்தால், நோயாளியின் சமய நம்பிக்கையை மதித்து அந்த எடை கழிக்கப்படும். டூட்டிங்கில் ஒரு நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தார், எண்பத்தெட்டுக் கிராம் என்று. அன்றிலிருந்து எண்பத்தொரு கிலோவில் எண்பத்தெட்டுக் கிராமைக் கவனமாகக் கழித்து எழுதினார்கள். நாரி எப்படி இருக்கிறது என்று எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை.

பிறகு சாப்பாட்டுத் தாள். விட வேண்டியவை என்று ஒரு பட்டியல்: பன்றி இறைச்சி, சொசேஜ், பியர், வெண்ணெய் தடவிய பாண். சிவனேஸ்வரி பஸ்ஸில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதெல்லாம் நான் பிறந்த நாளிலயிருந்து விட்டிருக்கிறன். இனி எதை விட?"

என்ன சாப்பிடுகிறாள் என்று நாட்குறிப்பு எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதினாள். இடியப்பம் அவர்களின் புத்தகத்தில் இல்லை, அதனால் ஸ்பகெட்டி என்று போட்டார்கள். சொதியை சூப் என்றார்கள். புட்டுக்கு நெடுநேரம் தேடி, தேங்காய்க் கேக் என்று முடிவு செய்தார்கள். இரவில் ஸ்பகெட்டியும் சூப்பும், காலையில் கேக்கும் சாப்பிடுகிற பெண் எப்படி மெலிவாள் என்று மிஸிஸ் பெல்லிங் வருந்தினார். அது நியாயமான வருத்தம்தான்.

இப்படி எட்டு மாதம். அரைக் கிலோ இறங்கும், முக்கால் கிலோ ஏறும். வலி மட்டும் ஒரு மாதமும் இறங்கவில்லை. ஐப்பசி மாதம், குனிந்து அரிசி களையக்கூட அவளுக்கு ஏலாமல் போனது. வீட்டு டாக்டரிடம் போனால், நீ அந்தப் பிரிவின் ஆள், அவர்கள்தான் அனுப்ப வேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சிவனேஸ்வரியின் புத்தியில்லை அது, அம்பலவாணனுடையதும் இல்லை. என்னுடையது.

நான் மெலிந்த ஆள். உயரம் அவளளவுதான். அந்தத் தராசடியில் தாதிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அட்டையில் உள்ள இலக்கத்தைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. சாறியும் பொட்டும் கொண்டையும் இருந்தால் அவர்களுக்கும் மிஸிஸ் பெல்லிங்குக்கும் அது சிவனேஸ்வரி. அவளுடைய அட்டையோடு நான் போய் ஏறினால், எழுபதுக்குக் கீழே வந்துவிடும். படம் எடுக்க அனுப்புவார்கள். படத்துக்கு அவள் போகட்டும்.

எனக்குப் பொட்டு இல்லை. என் மனுசன் போய் அப்போது ஒன்பது வருசம். சிவனேஸ்வரி தன்னுடைய குங்குமச் சிமிழை எடுத்து, என்னைக் கதிரையில் இருத்தி, தன் விரலாலேயே வைத்துவிட்டாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவாயிருக்கக்கா," என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நான் சொன்னேனே, சிரித்தவள்தான் என்று.

ஒரே மாதத்தில் இவ்வளவு எப்படி இறங்கியது என்று கேட்டால் சொல்ல, கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் பச்சைத் தண்ணியோடு பிடித்தேன் என்று இங்கிலீசில் பாடமாக்கி வைத்திருந்தேன். தராசில் ஏறினேன். ஐம்பத்தெட்டு. தாதி தராசைத் தட்டிப் பார்த்தாள். வேறு தராசு கொண்டுவந்தாள். அதிலும் ஐம்பத்தெட்டு. என் கழுத்தில் இல்லாத தாலிக்கொடிக்கும் எண்பத்தெட்டுக் கிராம் கழித்து எழுதினாள். பிறகு ஓடிப்போய் மிஸிஸ் பெல்லிங்கைக் கூட்டிவந்தாள்.

ஒரு மாதத்தில் இருபத்திமூன்று கிலோ இறங்கிய ஆளை உடனே கட்டிலில் கிடத்த வேண்டும் என்று மாட்டு வைத்தியருக்கும் தெரியும். மிஸிஸ் பெல்லிங் கூப்பிட்டது படம் பிடிக்கிறவரை. ஸ்கான் படம் இல்லை, மற்றப் படம். என்னைச் சுவரோரம் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பெரிய பச்சை அப்பிளைத் தந்தார்கள். விரதக் கதையை ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லப்போனபோது, முறையை அல்ல, முடிவைத்தான் அளக்கிறோம் என்று மிஸிஸ் பெல்லிங் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் கைதட்டக் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சின்னப் பேச்சும் வைத்தார்.

"நோயாளிகளைக் குணப்படுத்துவது இந்தப் பிரிவின் வேலை அன்று, அதற்கு வேறு பிரிவு உண்டு. அவர்களை இலக்குக்குக் கொண்டுசேர்ப்பதே எம் பணி. இலக்கை அடைந்த எவரும் இதுவரை எம்மிடம் திரும்பி வந்து முறையிட்டதில்லை."

கைதட்டினார்கள். நான் நாரிவலிக்குப் படம் எடுக்கக் கடிதம் கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். எடை எழுபதுக்குக் கீழே வந்தால் வலியும் குறைந்ததாகக் கொள்ளப்படும் என்று அச்சிலேயே இருந்தது. பக்கத்துப் பெட்டியில் ஏற்கெனவே சரி போட்டிருந்தார்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் போதுமாம். வெற்றி பெற்றவர்கள் அடிக்கடி வந்து அலையத் தேவையில்லையாம்.

அப்பிளை வீட்டுக்குக் கொண்டுபோய் சிவனேஸ்வரியிடம் கொடுத்தேன். வேறு கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகள், இனித்தான் கதை. கொப்பியைப் பாருங்கள், இந்தா இருக்கிறது. கார்த்திகையில் நெஞ்சு நாற்பத்திரண்டு அங்குலம். தையில் நாற்பது. நான் விட்டுக்கொடுத்த தையலைத் திரும்பப் பிடித்தேன். பங்குனியில் முப்பத்தேழு. சித்திரை வருசப்பிறப்புக்குச் சட்டை தைக்க அளந்தபோது முப்பத்தைந்து. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இப்பதான் அவை சொன்ன எடைக்கு வாறன் போல என்றாள்.

வைகாசியில் ஆறு மாதத் தவணை வந்தது. இந்த முறை அவளே போனாள். என்ன எடை காட்டியது தெரியுமா? ஐம்பத்தெட்டு. தாதி அட்டையைப் பார்த்தாள். போன தரமும் ஐம்பத்தெட்டு. ஒரு கிலோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தான் கண்டதில்லை என்று அவள் சிவனேஸ்வரியின் தோளைத் தட்டினாள். தட்டிய இடத்தில் எலும்பு இருந்தது. எடையைப் பேணியதற்கு நற்சான்றிதழ் ஒன்று வந்தது. வீட்டு டாக்டருக்கும் கடிதம் போனது, எடை நிலையாக உள்ளது என்று. நாங்கள் அவரிடம் ஓடிப்போய், ஆள் பாதியாகிவிட்டாள் என்று கத்தாத குறையாகச் சொன்னபோது, அவர் அந்தக் கடிதத்தை எடுத்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

அவளுடைய உடம்பு உருகி உருகி வந்து என்னுடைய எடையில் ஒளித்துக்கொண்டது. அந்த ஐம்பத்தெட்டு நான் தோண்டி வைத்த குழி.

ஏன் உடனே போய் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். சொல்லுவோம் என்று நான் எழும்பினேன். அம்பலவாணன் வாசலில் நின்றான்.

"அக்கா, அரசாங்க ஆசுபத்திரியில ஆள் மாறாட்டம் செய்தனாங்கள். இது விசா குடுக்கிற ஹோம் ஒபிசுக்குப் போனால் எங்கட பைலை மூடிப்போடுவாங்கள். பிள்ளை அங்க நிக்கிறாள்."

நான் சிவனேஸ்வரியைப் பார்த்தேன். அவள் சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"மகள் வரட்டுமக்கா," என்றாள். "பிறகு சொல்லுவம். வலியை நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இரண்டு மாதம்.

ஆடி மாதம் அவள் மாடிப்படியில் பாதியில் இருந்துவிட்டாள். ஏறவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. நான் ஒருவரையும் கேட்கவில்லை. மினிகாப் பிடித்து, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, அளவுக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு சக்கரக் கதிரை கிடைத்தது.

அந்தப் பிரிவின் சுவரில் சட்டம் போட்டு என்னுடைய படம் தொங்கியது. பொட்டோடு, பச்சை அப்பிளோடு. கீழே பெரிய எழுத்தில் அவளுடைய பெயர். சிவனேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள்.

மிஸிஸ் பெல்லிங் வெளியே வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. சிவனேஸ்வரி, எவ்வளவு நன்றாக எடையைக் காத்து வருகிறீர்கள் என்று என் கையைக் குலுக்கினார். பிறகு சக்கரக் கதிரையைப் பார்த்துத் தலையைச் சரித்து, இவர் உங்கள் உறவினரா, மிகவும் சுகமில்லாதவர் போல இருக்கிறாரே, இவரை ஒரு டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை விரித்து, அங்குலம் அங்குலமாக விரல் வைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுசி என்று சொன்னேனே.

"உங்கள் கலாசாரத்தின் அளவுமுறையை நாம் மதிக்கிறோம்," என்றார். "ஆனால் இங்கே கிலோவில்தான் பதிவு. நீங்கள் நீங்கள் அல்ல என்று எழுத எம்மிடம் படிவமும் இல்லை. அந்த ஐம்பத்தெட்டு ஆண்டறிக்கையில் போய்விட்டது. அதை இப்போது எடுத்தால் பிரிவின் சராசரியே ஏறிவிடும். பிரிவை மூடினால் இவரைப் போன்றவர்களுக்கு யார் உதவுவது?"

என் கையில் இருந்த டேப் இங்கிலாந்தில் செய்தது. அங்குலத்தை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு வரும்போது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நாங்கள் கதைத்த தமிழைக் கேட்டு நின்றார். டாக்டர் கல்யாணசுந்தரம், தமிழ்நாட்டுப் பிள்ளை. எந்தப் பிரிவு, எந்த அட்டை என்று ஒன்றும் கேட்கவில்லை. குந்தியிருந்து அவளுடைய கையைப் பிடித்தார். பிறகு கொப்பியை வாங்கி, கார்த்திகையில் இருந்து ஆடி வரை மெதுவாக வாசித்தார். அந்தக் கொப்பியை அப்படி வாசித்த முதல் ஆள் அவர்தான்.

"இதை எழுதினது நீங்களாம்மா?" என்று கேட்டார். "இந்த ஆஸ்பத்திரியில இவங்களைப் பத்தி இருக்கிற ஒரே ரெக்கார்டு இதுதான்."

அன்றே படம் எடுத்தார்கள். பதினேழு மாதம் காத்திருந்த படம் பத்து நிமிசத்தில் முடிந்தது. அந்த வருத்தம் நாரியெலும்பில் இருந்தது, ஈரலிலும் இருந்தது. முதலே வந்திருந்தால் என்று நான் தொடங்கினேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.

"குணமாயிருக்கும்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா இவ்வளவு வலி பட்டிருக்க வேண்டாம்."

அதுதான் என் பங்குக்கு வந்த தீர்ப்பு. அதை இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு கடிதம் எழுதினார், தாய் இருக்கப்போவது கொஞ்ச நாள், மகளை விடுங்கள் என்று. எந்த ஹோம் ஒபிசுக்குப் பயந்து நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தோமோ, அதே ஹோம் ஒபிஸ் அந்தக் கடிதத்தைக் கண்டு பதினாறு நாளில் பிள்ளைக்கு விசா கொடுத்தது. யாரோ ஒருவர் அங்கே அதை வாசித்திருக்கிறார். தவமலர் வந்தாள். தாயும் மகளும் பத்தொன்பது நாள் ஒரே கட்டிலில் படுத்துக் கதைத்தார்கள். மருந்து கொடுத்ததால் கதைக்கக்கூடிய அளவுக்கு வலி அடங்கியிருந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்டது போல இருந்தது. கேட்டிருக்க வழியில்லை.

கடைசிச் சட்டையை நான்தான் தைத்தேன், அவளுடைய கல்யாணக் கூறைச் சாறிக்கு. நெஞ்சு இருபத்தொன்பது. உள்துணி இரண்டு பக்கமும் விட்டேன். கை தன்பாட்டில் விட்டது. இடப்பக்கம் பஞ்சும் வைத்தேன். அவள் அதை மறைத்துத்தான் வாழ்ந்தாள், மறைத்தபடியே போகட்டும் என்று.

அவளுடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, அந்தச் சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றித் தரச்சொல்லிக் கேட்கப் போனேன். மிஸிஸ் பெல்லிங் அனுதாபம் சொன்னார். யாரோ சிவனேஸ்வரியின் உறவினர் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டாராம். படத்தைக் கழற்றலாம், ஒரு தடையும் இல்லை, படத்தின் கீழ் யார் பெயர் இருக்கிறதோ அவர் வந்து ஒரு கையொப்பம் வைத்தால் போதும் என்றார்.

வெகு நாள் அந்தப் படம் அங்கேயே தொங்கியது. அவளுடைய பொட்டோடு, அவளுடைய பெயரோடு, நான் சிரித்துக்கொண்டு.

தேத்தண்ணி ஆறிப்போச்சு, தாருங்கள், மாற்றித் தருகிறேன். நீங்கள் வீட்டுக்குப் போக நேரமாகிறது. போகும்போது இதைக் கொண்டு போங்கள்: உங்கள் வீட்டில் ஒருவர் வாடினால், எந்தத் தராசு என்ன சொன்னாலும், முதலில் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். தெரிந்ததைச் சொல்ல உங்கள் வாய்க்கு ஒரு பயமும் வராதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் சட்டைகளெல்லாம் தையல் பிரித்து விட்டுக் கொடுக்கவே என்னிடம் வரட்டும். பிடித்துத் தைக்கிற நாள் உங்கள் வாசலுக்கு வராதிருக்கட்டும். நல்லாயிருங்கள்.